தண்ணீரின் எடை

என் பிரியமுள்ள மாணிக்கம் அண்ணனுக்கு,

இன்றைக்குக் காலையிலிருந்து மழை. கொடியில் போட்ட துணி எதுவும் காயாது. கையில் கொஞ்சம் நேரம் கிடைத்தது, உன்னோடு பேசலாம் என்று உட்கார்ந்தேன். நீ போன பிறகு சொல்ல வேண்டியவை சேர்ந்துகொண்டே போகின்றன. வேறு யாரிடம் சொல்வது? எனக்குப் பழக்கம் உன்னிடம் சொல்லித்தானே.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். ஜப்பான்காரன் போய்விட்டான். வெள்ளைக்காரன் திரும்பி வந்துவிட்டான். பிரிக்பீல்ட்ஸ் ரோட்டில் ஆட்கள் கொடி பிடித்துக்கொண்டு ஓடினார்கள். எல்லாரும் சிரித்தார்கள், அழுதார்கள். நான் நம் சலவைக்கடை வாசலில் நின்று பார்த்தேன். எனக்கு இரண்டும் வரவில்லை. அடுத்த வாரமே வெள்ளைக்காரச் சிப்பாய்களின் அழுக்கு மூட்டை வந்து இறங்கியது. அதே காக்கி, அதே வேர்வை நாற்றம். அளவுதான் பெரிசு.

ரயில் பட்டறைப் பக்கம் குண்டு விழுந்தது உனக்குத் தெரியாது. நீ போன பிறகுதான் விழுந்தது. நம் கூரைத் தகரம் இரண்டு பெயர்ந்து போனது, அவ்வளவுதான். அம்மா இருக்கிறாள். நானும் இருக்கிறேன்.

இனிமேல் நான் எழுதப்போவது பெரும்பாலும் உனக்குத் தெரிந்ததுதான். வரிசையாகச் சொல்லிப் பார்த்தால்தான் இதெல்லாம் நமக்கு நடந்தது என்று எனக்கே படுகிறது. இல்லாவிட்டால் யாரோ பக்கத்து வீட்டுக் கதை போல இருக்கிறது, அண்ணே. நான் என்ன செய்வேன்?

அப்பா இறந்த பிறகு கடையை நாம் மூன்று பேரும்தான் பார்த்துக்கொண்டோம். பகலெல்லாம் நீ கல்லில் துணி அடிப்பாய். சாயங்காலம் ரயில் குவாட்டர்ஸ் பின்னால் இருந்த கொட்டகையில் மணல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டுக் குத்திப் பழகுவாய். கேளிக்கைப் பூங்காவில் குத்துச்சண்டைப் பந்தயம் என்று ஆள் வந்து சொல்லிவிட்டால் போதும், அன்றிலிருந்து உனக்குச் சாப்பாடு கிடையாது.

உன் உடம்பு வாகுக்கு நீ ஆட வேண்டிய எடைப் பிரிவு வேறு. நீ எப்போதும் ஒரு படி கீழே இறங்கித்தான் ஆடுவாய். பழைய கம்பளியைச் சுற்றிக்கொண்டு வெள்ளாவிக் கொட்டகைக்குள், துணி வேகிற அந்த ஆவிக்குள் போய் உட்கார்ந்துவிடுவாய். கன்னம் ஒட்டி, உதடு வெடித்து, வாயில் இருக்கிற எச்சிலையும் துப்பிவிட்டுத் தராசில் ஏறுவாய். முள் சரியாக நிற்கும். பிறகு ஒரு சொம்புத் தண்ணீர், ஒரு தட்டுச் சோறு, கொஞ்சம் தூக்கம். சாயங்காலம் வளையத்துக்குள் உனக்கு எதிரே உன்னைவிடச் சின்ன ஆள் ஒருவன் நிற்பான்.

"கீழ இறங்கினா நாம பெரிய ஆளு, பாக்கியம். அவ்ளோதான்" என்பாய்.

இதை ஒப்புக்கொள்ளாத ஒரே ஆள் காதர் பாய். கிள்ளானில் தன் மாமாவின் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி தட்டுகிறவர். உன் வயசுதான். ஒரு நாளும் அவர் எடை இறக்கியதில்லை. பந்தயத்தன்று காலையிலும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத்தான் வருவார். தராசு எதைக் காட்டுகிறதோ அந்தப் பிரிவில் ஆடுவார். நீங்கள் இரண்டு பேரும் மூன்று முறை மோதினீர்கள். இரண்டில் நீ ஜெயித்தாய், ஒன்றில் அவர். ஒவ்வொரு முறையும் ஆட்டம் முடிந்து அவரோடு சேர்ந்து சாப்பிடப் போய்விடுவாய். வீங்கின கண்ணோடு நீ வந்து கதவைத் தட்டுவாய். பின்னால் அவரும் நிற்பார்.

"உடம்பு எடையில ஆடுலா, மாணிக்கம். காஞ்ச கருவாடு மாதிரி வந்து நிக்கிற. உன்ன அடிக்கவே எனக்குப் பாவமா இருக்கு."

"பாவம் பாத்து அடிக்காம விட்டா எனக்குத்தான் நல்லது பாய்."

எப்போது வந்தாலும் இதே பேச்சு. 'உடம்பு எடையில' என்று அவர் வாயெடுத்ததும் மீதியை நீயே அவர் குரலில் சொல்லிக் காட்டுவாய். அம்மாகூடச் சிரிப்பாள். போகப்போக அந்தப் பேச்சு நம் வீட்டில் ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது. இப்போது நான் அடிக்கடி நினைத்துக்கொள்வது அதைத்தான்.

ஜப்பான்காரன் வந்த பிறகு பூங்காவை மூடினார்கள். தோட்டத்து ஆட்களை ரயில் பாதை போடுவதற்கென்று சயாமுக்கு ஏற்றிக்கொண்டு போனார்கள். நம் வரிசையிலேயே மூன்று வீட்டில் ஆண்பிள்ளைகள் போனார்கள், திரும்பவில்லை. நாம் ராணுவத் துணி துவைக்கிறவர்கள் என்று உனக்கு முத்திரை போட்ட துணிப்பட்டை ஒன்று கொடுத்திருந்தார்கள். அதைக் கையில் கட்டாமல் நீ வாசலைத் தாண்டமாட்டாய்.

சோறு குறைந்தது. பிறகு சோறு என்கிற பேச்சே குறைந்தது. காலையில் மரவள்ளிக் கிழங்கு, ராத்திரியும் மரவள்ளிக் கிழங்கு. ராணுவ உடுப்புக்குக் கஞ்சி போட என்று மரவள்ளி மாவு தருவார்கள். அதில் பாதியை நாம் காய்ச்சிக் குடித்துவிடுவோம். ஒரு நாள் ஜப்பான்கார அதிகாரி ஒருவன் வந்து, காலர் ஏன் விறைப்பாக நிற்கவில்லை என்று கேட்டு உன்னைக் கன்னத்தில் அறைந்தானே. அவன் போனதும் நீ என்ன சொன்னாய், ஞாபகம் இருக்கிறதா? "காலர் நம்ம வயித்துல நிக்குது" என்றாய். நான் சிரித்தேன். நான் கடைசியாக வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

மூன்றாவது வருஷம் பூங்காவைத் திறந்தார்கள். ஜப்பான்கார அதிகாரிகள் பார்ப்பதற்குக் குத்துச்சண்டை வேண்டும் என்று பூங்காவைக் குத்தகைக்கு எடுத்தவரிடம் சொல்லியிருந்தார்கள். பழைய ஆட்கள் எல்லாரும் மெலிந்து கிடந்ததால் அவர் எடை வரம்பையும் கீழே கொண்டுவந்து, நூற்றுப் பன்னிரண்டு ராத்தலுக்கு மேல் யாரும் ஏறக்கூடாது என்று வைத்தார். ஜெயித்தவனுக்கு ஒரு மூட்டை அரிசி. கிள்ளான் காதருக்கும் பிரிக்பீல்ட்ஸ் மாணிக்கத்துக்கும் ஆட்டம் என்று பேசி முடித்தார்கள். யார் ஜெயித்தாலும் ஆளுக்குப் பாதி என்று நீங்கள் இரண்டு பேரும் உங்களுக்குள் முடித்துக்கொண்டீர்கள்.

"இந்தத் தடவ வெள்ளாவி வேணாம். எறக்க என்ன இருக்கு? காத்தடிச்சா பறந்துடுவேன்" என்று நீ சொன்னாய். எனக்கும் அப்படித்தான் பட்டது. உன் விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகுதான் உன் முகம் மாற ஆரம்பித்தது. கன்னம் நிறைந்தது. கண்ணுக்குக் கீழே பூரித்து வந்தது. தெருவில் எல்லாரும் எலும்பும் தோலுமாக அலைகிற நேரம். பக்கத்து வீட்டு அக்கா அம்மாவைப் பார்த்து, "மாணிக்கத்துக்கு மட்டும் ஒளிச்சு வச்சுப் போடுறியா?" என்று கேட்டாள். அம்மாவுக்கு உள்ளுக்குள் பெருமை. ராத்திரி உனக்குத் திருஷ்டி கழித்தாள்.

நீயோ கால் கனமாக இருக்கிறது, பாதம் மரத்துப்போகிறது என்றாய். ஒரு மூட்டைத் துணியைத் தூக்கிக்கொண்டு நாலு எட்டு நடந்தால் நின்று மூச்சு வாங்கினாய். "பழக்கம் விட்டுப்போச்சு, சோம்பேறி ஆயிட்டேன்" என்று விடியற்காலையில் எழுந்து ரயில் பாதை ஓரமாக ஓடப் போனாய். ஓடிவிட்டுத் திரும்பி வரும்போது உன் உதடு நீலமாக இருந்தது. பனி என்று நினைத்தேன்.

ஆட்டத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது சீன முதலாளி, அந்தத் தவுக்கேயின் கடையில், மூட்டை நிறுக்கிற தராசில் ஏறிப் பார்த்துவிட்டு வந்தாய். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"ஆறு ராத்தல் மேல இருக்கேன், பாக்கியம்."

"தராசு கெட்டுப்போயிருக்கும் அண்ணே."

"ரெண்டு தடவ ஏறிட்டேன். தவுக்கேயும் ஏறிப் பாத்தான். தராசு சரிதான்." பிறகு உன் வயிற்றைத் தடவிக்கொண்டு சொன்னாய், "கெழங்கு தின்னுகூட மனுசன் கொழுப்பான் போல."

அம்மா அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டாள். நானும்தான்.

இரண்டு நாள் கழித்துக் காதர் பாய் கிள்ளானிலிருந்து சைக்கிள் மிதித்து வந்தார். டயருக்குப் பதில் கயிறு சுற்றியிருந்தது. நீ துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்திருந்தாய். அவர் உன் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். கீழே குந்தி, உன் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. மாவில் விரல் வைத்தது போல.

"வலிக்குதா?"

"இல்ல பாய். கிச்சு கிச்சு மூட்டாத."

"இது சதை இல்ல, மாணிக்கம். தண்ணி. எங்க பெரிய மாமாவுக்கு இப்படித்தான் வந்துச்சு. கால்ல ஆரம்பிச்சு மேல ஏறுச்சு."

"தண்ணின்னா நல்லதாப் போச்சு. தண்ணிய எறக்கத்தானே எனக்குத் தெரியும்."

அவர் எழுந்து நின்றார். குரல் மாறியிருந்தது. "வெள்ளாவிக்குள்ள போகாத. இருக்கிற எடையில வா. தராசுல நீ தவறினாலும் நான் ஒத்துக்கிறேன். ரெண்டு பேரும் ஒத்துக்கிட்டா குத்தகைக்காரன் ஒண்ணும் சொல்லமாட்டான். உடம்பு எடையில..."

"...ஆடுலா, மாணிக்கம், காஞ்ச கருவாடு மாதிரி வந்து நிக்கிற!" என்று மீதியை அவர் குரலில் சொல்லி முடித்தாய். அம்மா உள்ளேயிருந்து சிரித்தாள்.

காதர் பாய் சிரிக்கவில்லை. அன்றைக்கு நான் அதைக் கவனித்தேன், ஆனால் அவருக்குச் சைக்கிள் மிதித்த களைப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

"நான் வெளையாட்டுக்குச் சொல்லல" என்றார்.

"நானும் வெளையாட்டுக்குச் சொல்லல பாய். இத்தன வருசத்துல ஒரு தடவகூட எடை தவறினதில்ல. இப்ப ஜப்பான்காரன் முன்னாடி தவறி நிக்கணுமா? தவறினா ஆட்டமே வேணாம்னு சொல்லிட்டான்னா? அம்மாவுக்கு அரிசி யாரு குடுப்பா?"

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார். அவர் சொன்னது அத்தனையும் உண்மை, அண்ணே. ஆனால் அதே வார்த்தைகளை அத்தனை வருஷமும் வேடிக்கையாகக் கேட்டுப் பழகியிருந்தோம். வேறு வார்த்தையில் சொல்லியிருந்தால் நீ கேட்டிருப்பாயா? வேறு வார்த்தை அவருக்கு எங்கே இருந்தது?

ஆட்டத்துக்கு முதல் நாள் ராணுவப் படுக்கை விரிப்புகள் வந்திருந்தன. அதனால் வெள்ளாவி எப்படியும் எரிந்துகொண்டுதான் இருந்தது. நீ கம்பளியைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாய். முன்பெல்லாம் உள்ளிருந்து ஏதாவது பாட்டை முணுமுணுப்பாய். அன்றைக்குச் சத்தமே இல்லை. இரண்டு தரம் கூப்பிட்டேன். "ம்" என்றாய். வெளியே வந்து அழுக்குத் துணிக் குவியல் மேல் சாய்ந்து படுத்தாய். உன் நெஞ்சு சட்டைக்கு மேலேயே அடித்துக்கொள்வது தெரிந்தது. தண்ணீர் வேண்டுமா என்றேன். தலையை ஆட்டி வேண்டாம் என்றாய். மறுபடியும் உள்ளே போனாய்.

மறுநாள் பூங்காவுக்குத் துண்டுகளை எடுத்துக்கொண்டு நானும் உன்னோடு வந்தேன். வளையத்துக்கு வேண்டிய துண்டெல்லாம் நம் கடையிலிருந்துதானே போகும். மேடைக்குப் பின்னால் தராசு வைத்திருந்தார்கள். காதர் பாய் நமக்கு முன்னாலேயே வந்து நின்றார். உன்னைப் பார்த்ததும் அவர் முகம் விழுந்தது.

"ஆள் அனுப்பினேனே, வரலியா?"

"யாரும் வரலியே பாய்."

"நான் எடை தவறிட்டேன். ரெண்டு ராத்தல் மேல. குத்தகைக்காரர் இருக்கிறபடி ஆடச் சொல்லிட்டாரு. இன்னிக்கு எடை கெடையாது. நீ வேர்க்க வேணாம்னு சொல்லத்தான்..."

உன் உதடு வெடித்து ரத்தம் கட்டியிருந்தது. கண் உள்ளே போயிருந்தது. நீ அவரைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாய். "காதர் பாய் எடை தவறிட்டாரா? ஊரே கேக்கட்டும்!" என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே சட்டையைக் கழற்றித் தராசில் ஏறினாய். எல்லாரும் முள்ளைப் பார்த்தோம். நூற்றுப் பன்னிரண்டு. அதற்கு ஒரு மயிரிழை மேலும் இல்லை, கீழும் இல்லை.

"பாத்தியா?" என்றாய்.

காதர் பாய் தராசைப் பார்க்கவில்லை. உன் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

விமானக் குண்டுக்குப் பயந்து ராத்திரி விளக்கு போடக் கூடாது என்று இருந்ததால் ஆட்டத்தைப் பகலிலேயே வைத்தார்கள். நான் தகர வேலிக்கு வெளியே, நனைந்த துண்டுகளை வாங்கிக்கொள்வதற்காக நின்றிருந்தேன். உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. முதல் சுற்றில் உன் பேரைச் சொல்லிக் கத்தினார்கள். இரண்டாவதில் கொஞ்சம் குறைந்தது. மூன்றாவதில் "அடிடா, அடிடா" என்று கத்தினார்கள், யாரைச் சொல்கிறார்கள் என்று தெரியவில்லை. மணி அடித்தது. பிறகு மறுபடி மணி அடித்தது. அதற்குப் பிறகு சத்தம் அப்படியே நின்றுபோனது. வேலிக்குள் இருந்து ஒருவன் ஓடி வந்து, "மாணிக்கம் தங்கச்சி யாரு?" என்று கேட்டான். நான்தான் என்றேன். கையில் இருந்த துண்டுகளை மடித்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். ஏன் மடித்தேன் என்று இன்றுவரைக்கும் எனக்குப் புரியவில்லை.

நீ ஸ்டூலில் சாய்ந்திருந்தாய். கண் பாதி திறந்திருந்தது. காதர் பாய்தான் உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து மாட்டு வண்டியில் கிடத்தினார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

அங்கே டாக்டருக்குப் பதில் வைத்தியம் பார்த்த டிரெஸ்ஸர் ஒரு தமிழர். உன் காலை அழுத்திப் பார்த்தார், நெஞ்சில் காது வைத்துப் பார்த்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அடியில போகலம்மா. ஒடம்புல ஒரு காயம் இல்ல. இது பட்டினி வீக்கம். தவிட்டுல இருக்கிற சத்து இல்லாம வர்றது. நெஞ்சு தாங்காது. இப்ப வார்டு முழுக்க இதுதான் கெடக்கு." பிறகு, "ஓடினானா? ஒடம்ப வேர்க்க வச்சானா?" என்று கேட்டார்.

"ரெண்டும்" என்றேன்.

அவர் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

உன்னை எடுத்துக்கொண்டு போன அன்று காதர் பாய் வந்தார். தோளில் அந்த அரிசி மூட்டை, முழுசாக. அம்மா ரோட்டுக்கே ஓடினாள். "எம்புள்ளய அடிச்சுக் கொன்னுட்டு அரிசி கொண்டாந்து நிக்கிறியா?" என்று அவர் நெஞ்சில் இரண்டு கையாலும் குத்தினாள். அவர் நகரவில்லை, கையைத் தூக்கவும் இல்லை. மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போனார். அதை நம் வீட்டுக்குள் கொண்டுவர அம்மா விடவில்லை. தெருக்காரர்கள் ஆளுக்குக் கொஞ்சம் அள்ளிக்கொண்டு போனார்கள். நான் அதையும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டிரெஸ்ஸர் சொன்னதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. பட்டினியில் செத்தான் என்று எப்படிச் சொல்வது? உன் முகம் பூரித்ததற்குத் திருஷ்டி கழித்தவள் அவள். அவளுக்குத் திட்டுவதற்கு ஒரு ஆள் வேண்டியிருந்தது. காதர் பாய் அந்த ஆளாக நின்றார். தெருவும் அப்படியே பேசிக்கொண்டது. கிள்ளான்காரன் அடித்த அடியில் மாணிக்கம் செத்தான் என்று.

அடுத்த மாதம் ரயில் வேலி ஓரமாக அவர் நிற்பதைப் பார்த்தேன். நான் தண்ணீர் பிடிக்கப் போகும் வழியில். கையில் ஒரு சின்னத் துணிப்பை.

"தவிடு, தங்கச்சி. கடற்கரைப் பக்கம் ஒரு அரிசி மில்லுல கேட்டு வாங்கினேன். ஆஸ்பத்திரிக்காரர் சொன்னது என் காதுலயும் விழுந்துச்சு. அம்மா நடக்கிறதப் பாத்தேன். கால தேய்ச்சு தேய்ச்சு நடக்குறாங்க."

அது எனக்கும் தெரியும். ஆனால் ராத்திரியில் அம்மா தூங்கும்போது அவள் காலை அழுத்திப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அன்றைக்குத்தான் அழுத்திப் பார்த்தேன். குழி விழுந்தது. எனக்கு மட்டும் ஏன் வரவில்லை, அண்ணே? மூன்று பேரும் ஒரே சட்டியில்தானே சாப்பிட்டோம்.

அன்றைக்கு வேலியோரம் நின்றுகொண்டே அவர் இன்னொன்றும் சொன்னார். "நான் வேணும்னுதான் எடை தவறினேன். விடிஞ்சதும் வந்து தராசு பக்கத்துல நின்னுக்கிட்டு வயிறு முட்டத் தண்ணி குடிச்சேன். குடிச்சுக் குடிச்சு ஏறினேன். நான் தவறினா எடை இல்லாமப் போயிடும், அவனும் வேர்க்க வேண்டியதில்லன்னு நெனச்சேன். அவன் எப்பவும் கடைசி நேரத்துலதானே வெள்ளாவிக்குப் போவான்? மொத நாளே போயிட்டான்னு எனக்குத் தெரியாது தங்கச்சி."

நான் பையை வாங்கிக்கொண்டேன். நன்றி என்றுகூடச் சொல்லவில்லை. தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தவிட்டைக் கிழங்கு மாவோடு பிசைந்து ரொட்டி தட்டிக் கொடுத்தேன். எங்கே கிடைத்தது என்று அம்மா கேட்டாள். பாசாரில் என்றேன். காதர் பாய் மாதா மாதம் வந்து அதே இடத்தில் நின்றார். அம்மாவின் கால் மெல்ல மெல்ல வடிந்தது. இப்போது குழாயடிவரைக்கும் தானே போய் வருகிறாள்.

போன வாரம் வெள்ளைக்காரர் படுக்கை விரிப்பு ஒன்றை இரண்டு பேரும் ஆளுக்கொரு முனை பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம். அம்மா திடீரென்று கேட்டாள்.

"அந்தக் கிள்ளான்காரன் இருக்கானா செத்தானா?"

"இருக்காரு. நீ தின்ன தவிடு அவரு கொண்டாந்ததுதான்."

அதற்குமேல் நிறுத்த முடியவில்லை. டிரெஸ்ஸர் சொன்னது, காலில் விழுந்த குழி, அவர் குடித்த தண்ணீர், எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா விரிப்பைக் கீழே விடவில்லை. முனையோடு முனை சேர்த்துக் கடைசி மடிப்புவரைக்கும் மடித்தாள். தட்டி நேராக்கி அடுக்கின்மேல் வைத்தாள். பிறகு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் காலையில் அடுப்பு ஊதிக்கொண்டே சொன்னாள்:

"அவன வீட்டுக்குள்ள வரச் சொல்லு. ரோட்டுல நிக்க வேணாம்."

நேற்று வந்தார். வாசலிலேயே தயங்கினார். அம்மா பலகையைத் தள்ளிப் போட்டாள். சீனி இல்லாத தேநீர் கொடுத்தாள். அவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

"எம்புள்ள கடைசியா என்ன சொன்னான்?" என்று அம்மா கேட்டாள்.

அவர் தேநீரைக் கீழே வைத்தார்.

"நான் அவன பலமா அடிக்கலம்மா. தொட்டுத் தொட்டு விட்டுக்கிட்டு இருந்தேன். சனங்க கத்துனாங்க. மூணாவது சுத்து முடிஞ்சு அவன் ஸ்டூல்ல போய் உக்காந்தான். நான் என் மூலைக்குப் போகல. அவன் கிட்டவே போய் நின்னேன். முடியலன்னா சொல்லு மாணிக்கம், நிறுத்திடலாம்னேன். 'கொஞ்சம் இரு பாய், மூச்சு வந்ததும் வந்துடறேன்'னான்."

"நீ என்ன பண்ணின?"

"நின்னேம்மா. மணி அடிச்சுச்சு. அப்பயும் கைய கீழ போட்டுட்டு நின்னேன்."

அம்மா தலையை ஆட்டினாள். "நின்னியா" என்று மட்டும் சொன்னாள். பிறகு எழுந்து போய்ச் சட்டியை இறக்கினாள். "சாப்பிட்டுப் போ" என்றாள். அவர் சாப்பிட்டார். அம்மா எதிரே உட்கார்ந்து, அவர் தட்டில் தீரத் தீரப் போட்டாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை.

அண்ணே, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். நீ அடிபட்டுச் செத்தாய் என்று இந்தத் தெருவில் இன்னும் சொல்கிறார்கள். இனிமேல் யாராவது அப்படிச் சொன்னால் நான் வேலையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பேன். என் அண்ணனை யாரும் வளையத்துக்குள் வீழ்த்தவில்லை, அவன் பசியில் செத்தான், பசித்த உடம்பு பெருத்துத் தெரிந்தது, அதை நாங்கள் எல்லாரும் பார்த்துச் சந்தோஷப்பட்டோம் என்று சொல்வேன். கேட்கிறவர்கள் முகம் சுளித்தாலும் சொல்வேன். அம்மா பக்கத்தில் இருந்தாலும் சொல்வேன்.

உன் கூடப் பிறந்தவள்,
தங்கச்சி பாக்கியம்